முத்திரைத்தாளில் கான்ட்ராக்டர், சிட்டையில் தொழிலாளி

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்தில் நைட்டி, இன்ஸ்கர்ட் தைத்து மதுரை, திருவனந்தபுரம் கடைகளுக்கு அனுப்புகிறேன். ஆறு வருடமாக நடக்கிறது. ஷெட்டில் 11 மெஷின், 11 பெண்கள். கட்டிங் மாஸ்டர் ஒருவர், செக்கிங், பேக்கிங்குக்கு இரண்டு பேர், ஆபீஸில் ஒரு பெண். அயர்னிங்கை ஒருவரிடம் கான்ட்ராக்ட் விட்டிருக்கிறேன், அவர் மூன்று பேரைக் கூட்டிவந்து செய்கிறார். இது போக முக்கூடல், கடையம், ஆழ்வார்குறிச்சிப் பக்கம் 16 பெண்கள் அவரவர் வீட்டில் சொந்த மெஷினில் தைத்துத் தருகிறார்கள். தைப்பவர்களுக்கு நைட்டிக்கு 15 ரூபாய் பீஸ் ரேட், மாதம் சராசரி 9,000 வரும். எல்லாரிடமும் ‘சுயேச்சை ஒப்பந்ததாரர்’ என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி, 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் வராது என்று ஆடிட்டர் சொன்னார். அப்படியே செய்தோம். நான்கு வருடம் ஷெட்டில் தைத்த ஒரு பெண் பிரசவத்துக்குப் போய்விட்டு வந்து பி.எஃப். கேட்டார். இல்லை என்றேன். இப்போது பதிவேடுகளோடு வரச்சொல்லி பி.எஃப். அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. எங்களிடம் 20 பேர் கிடையாது, ஷெட்டில் மொத்தமே 19 பேர்தான். அந்த ஒப்பந்தம் செல்லுமா? லோடு ஆட்டோக்காரர், எம்ப்ராய்டரி யூனிட், ஆன்லைனுக்குப் படம் எடுப்பவர் இவர்களுக்கும் பி.எஃப். கட்ட வேண்டுமா?

பதில்: அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இப்படிக் கடிதம் வந்ததும் பலர் முதலில் செய்வது, விட்டுப்போன பேர்களுக்கும் பழைய தேதி போட்டு இன்னும் நாலு தாள் தயார் பண்ணுவதுதான். அதைச் செய்யாதீர்கள். தாளின் பின்பக்கம் விற்பனையாளர் போட்ட தேதியும் வரிசை எண்ணும் வாங்கியவர் பெயரும் இருக்கும். தனித்தனியாகத் தொழில் நடத்தும் 35 ஒப்பந்ததாரர்கள் ஒரே நாளில், அடுத்தடுத்த எண்ணுள்ள தாளில், அதுவும் உங்கள் பெயருக்கு வாங்கிய தாளில் கையெழுத்துப் போட்டார்கள் என்றால் விசாரிக்கிற அதிகாரி அடுத்த கேள்வியே கேட்க வேண்டியதில்லை. பழைய தேதி போட்டுத் தயாரித்தது என்று தெரிந்தால் பாக்கி விவகாரம் மோசடி விவகாரம் ஆகிவிடும்.

ஆடிட்டர் சொன்னதில் வரிப் பகுதி சரி. ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் பிடிப்பது வருமான வரிச் சட்டத்தின் கணக்கு. ஆனால் அந்தப் பிடித்தத்தைப் பார்த்து ஒருவரைத் தொழிலாளி இல்லை என்று பி.எஃப். அலுவலகம் முடிவு செய்யாது. 1952ஆம் வருட பி.எஃப். சட்டத்தில் தொழிலாளி என்பதற்கான விளக்கம் அகலமானது. நிறுவனத்தின் வேலையிலோ, அந்த வேலை தொடர்பாகவோ கூலிக்கு அமர்த்தப்பட்டு, முதலாளியிடமிருந்து நேரடியாகவோ சுற்றுவழியாகவோ கூலி வாங்குகிற எவரும் அதில் அடங்குவார்கள். கான்ட்ராக்டர் மூலம் வந்தவரும் அடங்குவார் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பீஸ் ரேட்டா, மாதச் சம்பளமா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

நீதிமன்றங்கள் இதை நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. 1956இல் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கு வந்தது. ஆறுமுகநேரிக்குப் பக்கத்தில் சாகுபுரத்தில் ஆலை வைத்திருக்கும் டி.சி.டபிள்யூ.தான் அந்தக் கம்பெனி, வழக்கு மட்டும் குஜராத் பக்கத்து உப்பளம் பற்றியது. பாத்தி கம்பெனியுடையது. உப்பு எடுப்பவர்களுக்கு எடைக்கு இவ்வளவு என்று கூலி. நேரக் கட்டுப்பாடு கிடையாது, உதவிக்கு அவர்களே ஆள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தரம் சரியில்லாத உப்பைக் கம்பெனி கழிக்கும், பாத்தி கட்டுவதில் இருந்து உப்பு வாருவது வரை கம்பெனி ஆள் வந்து பார்ப்பார். உச்ச நீதிமன்றம் அவர்களைத் தொழிலாளிகள் என்றது. 1973இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு. பீஸ் ரேட் தையல்காரர்கள், தினமும் வரவேண்டிய கட்டாயமும் இல்லை. மெஷின் முதலாளியுடையது, தையல் பிடிக்காவிட்டால் பிரித்துத் தைக்கச் சொல்லும் உரிமையும் அவருடையது. இவர்களையும் தொழிலாளிகள் என்றே தீர்த்தது.

உங்களுக்கு நேராகப் பொருந்துவது 2019 ஜூலையில் வந்த கோதாவரி கார்மென்ட்ஸ் தீர்ப்பு. வெட்டிய துணி, நூல், பட்டன் எல்லாம் கம்பெனி கொடுத்தது. பெண்கள் தங்கள் வீட்டில், தங்கள் சொந்த மெஷினில் தைத்துக் கொடுத்தார்கள், கூலி பீஸ் ரேட். மெஷின் அவர்களுடையது, இடம் அவர்களுடையது, எங்களுக்கு மேற்பார்வையே இல்லை என்று கம்பெனி வாதாடியது. தைத்ததைச் சரியில்லை என்று திருப்பி அனுப்பும் உரிமை இருப்பதே கட்டுப்பாடுதான் என்று சொல்லி, அந்தப் பெண்களுக்கு பி.எஃப். உண்டு என்றது உச்ச நீதிமன்றம். உங்கள் 16 பேருக்கும் அவர்களுக்கும் ஊர்தான் வேறு.

வீட்டில் இருந்து வேலை செய்தாலும் பி.எஃப். உண்டு என்பது நம் பக்கத்துக்குப் புதுச் செய்தி இல்லை. முக்கூடலிலும் கடையத்திலும் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுகிற பெண்களுக்கு பி.எஃப். நம்பர் இருப்பது ஊருக்கே தெரியும். 1966ஆம் வருடப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவர்களையும் தொழிலாளிகளாகவே சேர்த்தது. பி.எஃப். சட்டமும் அவர்களுக்கு உண்டு என்று 1985இல் பி.எம். படேல் வழக்கில் தீர்ப்பானது. அங்கேயும் காரணம் ஒன்றுதான்: சுற்றியதைச் சரியில்லை என்று கழித்துப் போடும் உரிமை. பீடித் தட்டை வைத்துவிட்டு உங்களிடம் நைட்டிக்கு வந்த பெண்ணுக்கு இந்த விஷயம் உங்கள் ஆடிட்டரை விட நன்றாகத் தெரிந்திருக்கும்.

இனி உங்கள் ஆவணங்களுக்கு வருவோம். அதிகாரி ஒப்பந்தத்தைப் புரட்டுவதற்கு முன் சிட்டையைக் கேட்பார். வீட்டுக்குக் கொடுக்கும் சிட்டையில் என்ன இருக்கும்? தேதி, மாடல் நம்பர், சைஸ், கொடுத்த கட்டு 20 பீஸ், வந்தது 18, ‘2 ஆல்டர், பைப்பிங் கோணல்’, 18 பெருக்கல் 15, 270 ரூபாய், அதில் அட்வான்ஸ் கழிவு 100. இந்த நான்கு வரியில் துணி உங்களுடையது, ரேட் வைப்பது நீங்கள், தரம் பார்த்துத் திருப்புவது நீங்கள், கடன் கொடுத்து வாரத்தில் பிடிப்பதும் நீங்கள் என்று எல்லாமே வந்துவிடுகிறது. ஷெட்டுக்கு இதுகூட வேண்டாம், வாட்ஸ்அப் குரூப் போதும். ‘எல்லாரும் நாளைக்கு எட்டரைக்கே வந்துருங்க, திருவனந்தபுரம் லோடு இருக்கு’ என்று ஆபீஸ் பெண் போட்டிருப்பார். கீழே ஒருவர் ‘யக்கா, நாளைக்கு நான் வரல, எங்க ஊர்ல கோயில் கொடை’ என்று லீவு கேட்டிருப்பார். ஒப்பந்ததாரர் லீவு கேட்பதில்லை. பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் சாஸ்தா கோயிலுக்குப் போவதால் ஷெட் விடுமுறை என்று நீங்கள் போட்ட செய்தியும் அதில் கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, வருடா வருடம் கணக்கில் ‘தீபாவளி போனஸ்’ என்று தனித் தலைப்பில் செலவு எழுதியிருப்பீர்கள். கான்ட்ராக்டருக்குப் போனஸ் கொடுக்கும் வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது.

இதைப் படித்துவிட்டு குரூப்பை அழிக்க வேண்டாம். எல்லார் போனிலும் அது இருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ‘வீட்டிலிருந்து வேலை செய்பவர்’ என்று ஒரு தனி விளக்கம் இருப்பதைக் காட்டி, 16 பேரையும் அமைப்புசாராத் தொழிலாளர் பட்டியலில் தள்ளிவிடலாம் என்று உங்களிடம் யாராவது யோசனை சொல்வார்கள். வாதமாக வைக்கலாம், அதை நம்பித் தொழில் நடத்த முடியாது. அந்த விளக்கமே ‘ஒரு முதலாளிக்காக’ வேலை செய்பவர் என்றுதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தைய ஐந்து வருடப் பாக்கியைப் பழைய சட்டத்தையும் கோதாவரி தீர்ப்பையும் வைத்துத்தான் பார்ப்பார்கள். தையல் தொழிலாளர் நல வாரிய அட்டை வைத்திருக்கிறார்களே என்பதும் அடிக்கடி வருகிற பதில். வாரிய அட்டை அந்தப் பெண்ணுக்கு அரசு கொடுத்தது. அதனால் உங்கள் பொறுப்பு குறையாது.

அடுத்தது 19 என்ற எண். இந்த எண்ணிக்கையில் நிறுத்திவைத்திருக்கும் யூனிட்டுகள் நிறைய. முதல் விஷயம், 20 என்பது பி.எஃப்.புக்கு. இ.எஸ்.ஐ.க்கு 10 பேர் போதும். ஷெட்டை மட்டும் எண்ணினாலும் இ.எஸ்.ஐ. பொறுப்பு உங்களுக்கு எப்போதோ வந்துவிட்டது, அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் கேள்வியே இல்லை. இரண்டாவது, வீட்டுப் பெண்கள் 16 பேரில் ஒரே ஒருவரை அதிகாரி தொழிலாளி என்று எடுத்துக்கொண்டால் 20 ஆகிவிடும், சட்டம் எல்லாருக்கும் பாயும். கட்டிங் மாஸ்டர் 15,000க்கு மேல் வாங்குபவர், இதுவரை பி.எஃப். உறுப்பினராக இருந்ததே இல்லை என்றால் அவருக்குக் கட்ட வேண்டியது வராமல் போகலாம். ஆனால் தலை எண்ணும்போது அவரும் ஒரு தலை. மனைவி பெயரில் இன்னொரு ஜி.எஸ்.டி. எடுத்து ஆட்களைப் பாதிப் பாதியாகப் பிரிக்கச் சொல்வார்கள். ஒரே ஷெட், ஒரே மின் இணைப்பு, ஒரே கட்டிங் மேஜை, ஒரே வாங்குபவர் என்றால் இரண்டையும் ஒரே நிறுவனமாகச் சேர்த்து எண்ணப் பழைய சட்டத்திலேயே பிரிவு இருக்கிறது.

அயர்னிங் ஆளின் கதை இதில் தனி. அயர்ன் பெட்டி உங்களுடையது, மேஜை, கரண்ட் உங்களுடையது, வேறு யாருக்கும் அவர் அயர்ன் போடுவதில்லை, சனிக்கிழமை உங்களிடம் வாங்கி மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறார். இவரை மேஸ்திரி என்று சொல்லலாம், கான்ட்ராக்டர் என்று சொல்ல முடியாது. உண்மையான கான்ட்ராக்டராகவே இருந்தாலும் அவருடைய ஆட்கள் உங்கள் பி.எஃப். கணக்கில்தான் வருவார்கள். அவருக்குச் சொந்தமாக பி.எஃப். கோடு (பதிவு எண்) இருந்து, அந்த மூன்று பெயரையும் போட்டு மாதாமாதம் கட்டினால் மட்டும் நீங்கள் ஒதுங்கி நிற்கலாம். அப்போதும் பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன் அந்த மாதத்துச் சலானையும் பெயர்ப் பட்டியலையும் வாங்கி, உங்கள் ஷெட்டுக்குள் வந்தவர்களின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சலான் மட்டும் போதாது. வேறு இடத்து ஆட்களுக்குக் கட்டிய சலானையே நாலு முதலாளிகளிடம் காட்டுபவர்கள் உண்டு.

உங்கள் பட்டியலில் உண்மையான ஒப்பந்ததாரர்களும் இருக்கிறார்கள். எம்ப்ராய்டரி யூனிட் வைத்திருப்பவருக்குச் சொந்தக் கம்ப்யூட்டர் மெஷின், சொந்த ஆள், சொந்த இடம், உங்களைப் போல இன்னும் பத்துப் பேருக்கு வேலை. ரேட்டை அவர் சொல்கிறார், நீங்கள் பேரம் பேசுகிறீர்கள். ஊசி உடைந்து துணி கிழிந்தால் நஷ்டம் அவருடையது. லோடு ஆட்டோக்காரரும் அப்படித்தான். ‘குட்டியானை’ வண்டி அவருடையது, காலையில் உங்கள் பண்டல், மதியம் யாரோ ஒருவருடைய வாழைத்தார். வண்டி வாங்க நீங்கள் பணம் கொடுத்து, உங்கள் கடை பெயரை வண்டியில் எழுதி, வேறு லோடு ஏற்றக் கூடாது என்று சொன்னீர்கள் என்றால் இதே ஆள் நாளைக்கு உங்கள் டிரைவர் ஆகிவிடுவார். படம் எடுப்பவர் கேமராவும் லைட்டும் கொண்டுவந்து, ஒரு நாளில் முடித்து, பில் கொடுத்துப் போகிறார். இவர்களுக்கு பி.எஃப். கிடையாது. எல்லாரையும் தொழிலாளி என்று நீதிமன்றம் சொல்வதுமில்லை. 2020இல் சுசீலாபென் வழக்கில், ஒரு கண் மருத்துவமனையில் ஒப்பந்தத்தின்பேரில் வேலை பார்த்த டாக்டரைச் சுயேச்சையானவர் என்றே உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஒரே ஒரு அளவுகோலை வைத்து முடிவு செய்ய முடியாது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

வீட்டுப் பெண்கள் 16 பேரிலும் ஒருவரோ இருவரோ வேறு மாதிரி இருக்கலாம். வாசலில் ‘லேடீஸ் டெய்லர்’ போர்டு, ஊர்க்காரர்களுக்கு ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறார், கூட ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார், உங்கள் கட்டை ‘இந்த வாரம் சோலி நெறைய கெடக்கு, வேண்டாம்’ என்று திருப்பி அனுப்புகிறவர் என்றால் அவர் ஜாப் ஒர்க் செய்பவர் என்று சொல்ல இடமுண்டு. அதைக் காட்ட அவருடைய வரிசை எண் போட்ட பில்லும், மற்றவர்களுக்கும் வேலை செய்ததற்கான அடையாளமும் வேண்டும். அந்த ஒருவரை வைத்து மீதி 15 பேரையும் அதே கணக்கில் ஏற்றப் பார்த்தால் அவருக்கு இருந்த இடமும் போய்விடும்.

பணக் கணக்கைத் தைப்பவர்கள் 27 பேருக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம். மாதம் 9,000 கூலியில் தொழிலாளி பங்கு 12 சதவீதம், 1,080 ரூபாய். உங்கள் பங்கு 12 சதவீதமும் காப்பீட்டுக்கு அரை, நிர்வாகச் செலவுக்கு அரை சதவீதமும் சேர்ந்து 13, அதாவது 1,170. உரிய காலத்தில் கட்டியிருந்தால் உங்களுக்குச் செலவு இந்த 1,170 மட்டும்தான். பழைய பாக்கி என்று வரும்போது, அப்போது பிடிக்காமல் விட்ட தொழிலாளி பங்கை இப்போது அவர்கள் கூலியில் பிடிக்க முடியாது. இரண்டு பங்கும் உங்கள் தலையில் வரும்: ஆளுக்கு 2,250, 27 பேருக்கு மாதம் 60,750, மூன்று வருடத்துக்கு மட்டும் கணக்கிட்டாலே 21,87,000. இதன்மேல் வருடத்துக்கு 12 சதவீத வட்டி, சராசரி ஒன்றரை வருடம் என்று வைத்தால் 3 லட்சத்து 93 ஆயிரம் சொச்சம். தாமதத்துக்கான நஷ்டஈடு 2024 ஜூன் முதல் மாதத்துக்கு 1 சதவீதம், அதுவும் ஏறக்குறைய அதே தொகை. அதற்கு முந்தைய மாதங்களுக்குப் பழைய விகிதம், வருடத்துக்கு 25 சதவீதம் வரை போகும். ஆக 30 லட்சத்தைத் தொடுகிறது. நீங்கள் ஆறு வருடமாக நடத்துகிறீர்கள்.

இனிமேல் ஒழுங்காகக் கட்டினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். மாதம் 600 நைட்டி தைக்கிற ஒரு பெண்ணுக்கு உங்கள் பி.எஃப். செலவு 1,170, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 292 ரூபாய் 50 காசு. இரண்டும் சேர்த்து 600ஆல் வகுத்தால் நைட்டிக்கு 2 ரூபாய் 44 காசு. போனஸை முறைப்படி 8.33 சதவீதமாகக் கொடுத்தாலும் இன்னும் ஒண்ணேகால் ரூபாய்தான். ஜிப்புக்கும் லேஸுக்கும் விலை ஏறும்போது கடைக்காரரிடம் பேசி வாங்குகிற தொகைதான் இது. இதைப் பெண்கள் கூலியில் கை வைத்துச் சரிக்கட்ட முடியாது. பி.எஃப். கட்டுவதைக் காரணம் காட்டி 15 ரூபாயை 13 ஆக்குவதைச் சட்டம் நேரடியாகத் தடுக்கிறது. பீஸ் ரேட்டுக்கு அடியில் குறைந்தபட்சக் கூலி என்ற தரையும் உண்டு. வீட்டில் சமையலுக்கு நடுவே தைப்பவருக்கு 9,000 வருவது வேறு, ஷெட்டில் ஒன்பது மணியில் இருந்து ஆறு மணிவரை உட்கார்ந்தவருக்கும் அதே 9,000தான் வருகிறது என்றால் தொழிலாளர் துறை அறிவித்துள்ள தையல் தொழில் கூலியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். அங்கே ஒரு வித்தியாசம் இருந்தால் அது தனிப் பாக்கி.

கடிதத்துக்கு என்ன செய்வது? குறித்த தேதிக்குப் போங்கள். போகாமல் இருந்தால் கிடைத்த காகிதத்தை வைத்து ஒருதலையாகத் தொகையைத் தீர்மானித்துவிடுவார்கள். அப்போது மின் கட்டணத்தையும் ஜி.எஸ்.டி. விற்பனையையும் பார்த்து ஆள் கணக்குப் போட்டால், உண்மையில் இருந்ததை விட அதிகமாக வரவும் வாய்ப்பு உண்டு. மேல்முறையீட்டுக்குப் போவதானால் பழைய சட்டத்தில் 75 சதவீதம், புதிய தொகுப்பில் 25 சதவீதம் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆகவே விசாரணையிலேயே சரியான பட்டியலைக் கொடுப்பதுதான் உங்களுக்கு லாபம். ஒவ்வொரு பெயருக்கும் எந்த மாதம் சேர்ந்தார், எந்த மாதம் நின்றார், மாதாமாதம் எவ்வளவு கூலி என்று சிட்டையில் இருந்து எடுங்கள். ஆறு வருடமும் 27 பேரும் இருந்திருக்கமாட்டார்கள். முதல் வருடம் எட்டு மெஷின்தான் என்றால் அதற்கான சீட்டைக் காட்டுங்கள். 20 பேரைத் தொட்ட மாதம் எது என்பதுதான் உங்கள் பாக்கி எங்கே ஆரம்பிக்கும் என்பதைத் தீர்மானிக்கும். எம்ப்ராய்டரி, வண்டி, போட்டோ பில்களைத் தனிக் கோப்பாக வையுங்கள், ‘கூலி’ என்ற ஒரே தலைப்பில் கணக்குப்பிள்ளை எல்லாவற்றையும் போட்டிருந்தால் அதுவும் பி.எஃப். கணக்கில் ஏறிவிடும். இது அடிக்கடி நடப்பது. விடுபட்டவர்களைச் சேர்க்க 2025 நவம்பரில் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2017 ஜூலை முதல் 2025 அக்டோபர் வரை விடுபட்டவர்களைச் சேர்த்தால், பிடிக்காமல் விட்ட தொழிலாளி பங்கு தள்ளுபடி, நஷ்டஈடு 100 ரூபாய் மட்டும். அறிவித்த கெடு 2026 ஏப்ரல் 30. அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் வழக்குக்கு அப்படி ஏதாவது சலுகை இப்போது பொருந்துமா என்பதைத்தான்.

விசாரணை முடியட்டும் என்று காத்திராமல் இந்த மாதத்தில் இருந்தே பதிவு செய்து கட்டத் தொடங்குங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி. ஆளைச் சேர்க்கும்போது சிக்கல் வருவது பெயரில். ஆதாரில் முத்துலெட்சுமி, பாங்கில் முத்துலட்சுமி, ஒன்றில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் கணவர் இனிஷியல், ஒன்றில் இசக்கியம்மாள், மற்றதில் எசக்கியம்மாள். இதைச் சரிசெய்யாமல் ஏற்றினால் பின்னால் பணம் எடுக்கும்போது அந்தப் பெண்தான் என்.ஜி.ஓ. காலனி பி.எஃப். அலுவலகத்துக்கு அலைவார். பீடி சுற்றியவர்களைத் தனியாகக் கேளுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். நம்பர்) இருக்கும், புது நம்பர் போட்டுவிடக் கூடாது. சேரும்போது கொடுக்கும் படிவம் 11இல் பழைய நம்பரைக் குறித்து, பழைய கணக்கை இதோடு சேர்க்க வேண்டும். பென்ஷனுக்குப் பத்து வருட சேவை வேண்டும். பீடியில் ஏழு வருடம் கட்டி, பென்ஷன் பணத்தை எடுக்காமல் விட்டிருந்தால், உங்களிடம் மூன்று வருடம் கட்டியதும் அவருக்கு 58 வயதில் பென்ஷன் உரிமை வந்துவிடும்.

பாதிப் பேராவது ‘எனக்குப் பிடித்தமெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி, கையிலயே குடுத்துருங்க’ என்பார்கள். 9,000 வாங்கியவர் கையில் 7,850 ரூபாய் சொச்சம்தான் வரும் என்றால் கோபம் வருவது நியாயம். ஆனால் வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது, அந்தக் காகிதத்தை வாங்கி வைக்காதீர்கள். அவர் பெயரில் இரண்டு பங்காக 2,160 ரூபாய் போகிறது என்பதை முதல் மாதச் சலானோடு காட்டுங்கள். பீடிக் கம்பெனியில் பி.எஃப். எடுத்துப் பிள்ளைக்குக் கல்யாணம் முடித்தவர் ஒருவர் ஷெட்டில் இருந்தால் மீதியை அவரே சொல்லிக்கொள்வார்.

புகார் கொடுத்த பெண்ணின் விஷயத்தைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் நீங்கள் அதை பி.எஃப். விவகாரமாக மட்டும் பார்க்கிறீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் முதல் இரண்டு குழந்தைகள் வரை 26 வாரக் கூலி அவருக்கு உண்டு. இ.எஸ்.ஐ. கட்டியிருந்தால் அதை இ.எஸ்.ஐ. கழகம் கொடுத்திருக்கும். நீங்கள் கட்டாததால் நீங்கள் கொடுக்க வேண்டும். கணக்கு போடும்போது ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்க்க வேண்டும், கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் இருந்து போன பி. ஷா வழக்கில் 1977இலேயே இது தீர்ந்துவிட்டது. மாதம் 25 நாள் வேலைக்கு 9,000 என்றால் தினக்கூலி 360, 182 நாளுக்கு 65,520 ரூபாய். அதோடு மருத்துவ போனஸ் 3,500. அவர் இதைக் கேட்டு இன்னும் மனுப் போடவில்லை என்று தெரிகிறது. அதற்குக் காத்திராமல் பாங்க் மூலம் கொடுத்து, எதற்கான பணம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். புகாரை வாபஸ் வாங்கினால்தான் தருவேன் என்று பேச வேண்டாம், வாபஸ் வாங்கினாலும் பி.எஃப். விசாரணை நிற்காது. அவர் மெஷினுக்குத் திரும்ப வர விரும்பினால் சேர்த்துக்கொள்ளுங்கள். சுற்றுவட்டார யூனிட்டுகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லி வேலை கிடைக்காமல் செய்தால் அந்தச் செய்தியும் கோப்பில் வந்து சேரும்.